லாரி பாடி கட்டியவன் படகில் போட்ட போல்ட்டு

நாமக்கல்லில் முப்பத்தாறு வருஷம் லாரி பாடி கட்டும் பட்டறையில் கிடந்தவனுக்குக் கொச்சியில் பாய்மரப் படகில் என்ன வேலை என்று சிநேகிதர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காலை நடையில் ஒருவர், "ஏனுங்க, கடைசிக் காலத்துல மீன் பிடிக்கப் போறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். மீனும் இல்லை, வலையும் இல்லை. அந்தப் படகின் மேல்தளத்தில் அறுபது துளை போட்டு, அறுபது போல்ட்டு முடுக்கிவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அது ஏன் மூன்று வாரம் ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மாப்பிள்ளைக்கு எர்ணாகுளத்தில் வேலை. அவரும் கூட வேலை செய்யும் இரண்டு பேரும் சேர்ந்து 32 அடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகை வாங்கியிருந்தார்கள். எர்ணாகுளத்துக்கு எதிரே போல்காட்டித் தீவில் இருக்கும் மெரினாவில் அதை நிறுத்தியிருந்தார்கள். மெரினா என்றதும் நமக்குச் சென்னைக் கடற்கரையும் சுண்டலும்தான் ஞாபகம் வரும். இது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை. நம்ம லாரி ஸ்டாண்டு மாதிரி, தண்ணீரில்.

ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காயலுக்குள் சுற்றி வந்தார்கள். அப்புறம் என் மகளும் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். மோகனூர் காவிரியில் பரிசலில் ஏற்றினால் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுத பெண். 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கடற்படையின் தாரிணி படகில் ரூபா, தில்னா என்ற இரண்டு பெண் அதிகாரிகள் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்களே, அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபா நம்ம புதுச்சேரிப் பெண். 56 அடிப் படகு, ஆள் இரண்டே பேர். தென் அமெரிக்காவின் தென்கோடியில் கேப் ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள். அன்றைக்கு என் மகள் போன் பண்ணி, "அப்பா, நாங்களும் கோவா வரைக்கும் போகப்போறோம்" என்றாள்.

கொச்சியிலிருந்து கோவா முந்நூறு கடல் மைலுக்கு மேல். காற்றைப் பொறுத்து மூன்று நாளோ நான்கு நாளோ. இராத்திரி நிறுத்தி வைக்க அது லாரி இல்லை. ஒருவர் தூங்க ஒருவர் முழித்திருக்க ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரி அன்றே நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டாள். கடலைத் தாண்டியவர் அவர்தானே. நான் மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இருட்டுல ஒருத்தர் விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை?"

பதிலை மகள்தான் சொன்னாள். "விழவே கூடாதுப்பா. அதனாலதான் எங்களைப் படகோட கட்டிக்கிறோம்."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னது சரி. ஐந்து நாட் வேகம் என்பது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். நம்ம ஊரில் சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் அந்த வேகத்தில் ஒரு நிமிஷத்தில் படகு 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். பாயை இறக்கிப் படகைத் திருப்புவதற்குள் இன்னும் தூரம். அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான். இராத்திரியில் அதுவும் தெரியாது.

ஐப்பசியில் சேலத்தில் ராத்திரி ரயில் ஏறிக் காலையில் எர்ணாகுளம் இறங்கினேன். படகு மேலே ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. சாமான்களெல்லாம் அட்டைப் பெட்டியில் வந்து கிடந்தன. "எல்லாம் வாங்கியாச்சு மாமா, மாட்டுறதுதான் பாக்கி" என்றார் மாப்பிள்ளை.

அந்தச் சாமான்கள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். உடம்பில் போட்டுக்கொள்ள ஒரு பட்டி. அதிலிருந்து இரண்டு மீட்டருக்கு மிகாத வார், முனையில் கொக்கி. படகின் முன்மூக்கிலிருந்து பின்பக்கம் வரை தளத்தின் மேல் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் நாடா, அதற்கு ஜாக்ஸ்டே என்று பெயர். ஆள் தன் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கலாம். உருண்டைக் கயிறாக இருந்தால் மிதித்ததும் காலுக்கடியில் உருளும் என்பதால் தட்டையான நாடா. அந்த நாடாவைக் கட்ட, கண் வைத்த எஃகுத் தகடுகள். அப்புறம் விளிம்பைச் சுற்றி நிற்கும் கம்பிக்கால்கள், அவற்றில் ஓடும் எஃகு வடம். கடைசியாக, படகே போய்விட்டால் ஊதிக்கொண்டு வெளியே வரும் ரப்பர்த் தெப்பம், ஒரு வெள்ளைப் பெட்டிக்குள்.

நாடாவின் அறுபடும் பலம் குறைந்தது இரண்டு டன் இருக்க வேண்டும் என்பது கடலோட்டப் பந்தயங்களுக்கு வைத்திருக்கும் விதி. பெட்டியில் இருந்த நாடா அதற்கு மேலேயே தாங்கும் என்று அச்சடித்திருந்தது. எனக்கு நாடாவின் மேல் சந்தேகம் இல்லை. அதை எதில் கட்டப்போகிறார்கள் என்பதுதான் என் விசாரம். லாரியில் தார்ப்பாய்க் கயிறு அறுந்து நான் பார்த்தது குறைவு. கயிறு கட்டிய கொக்கி பலகையோடு பிய்த்துக்கொண்டு வந்ததைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படகின் மேல்தளம் ஒரே கட்டி இல்லை. மேலே ஒரு கண்ணாடி இழைத் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா என்கிற இலேசான மரம். பிஸ்கட்டுக்கு நடுவே கிரீம் மாதிரி. நடந்தால் கல் மாதிரி இருக்கும், எடையோ குறைவு. நல்ல யோசனைதான். ஆனால் துளை போட்ட இடத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால் அந்தப் பால்சா ஊறி, மக்கி, ஈரப் புண்ணாக்கு ஆகிவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பு மாறாது. போல்ட்டை இறுக்க இறுக்க இரண்டு தோலும் ஒன்றை ஒன்று நெருங்கும், நடுவில் இருப்பது நசுங்கும்.

நான் பெட்டியைத் தொடவில்லை. மரச் சுத்தியின் கைப்பிடியை வைத்துத் தளம் பூராவும் தட்டிக்கொண்டே போனேன், தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல. பெரும்பாலான இடத்தில் 'டக் டக்' என்று கெட்டிச் சத்தம். இடது பக்கம் மூன்றாவது கம்பிக்காலின் அடியில் மட்டும் 'பொத்' என்றது. கம்பிக்காலைப் பிடித்து ஆட்டினேன், சேவல் கொண்டை மாதிரி ஆடியது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டே இல்லை. முன்னால் வைத்திருந்த யாரோ மர ஸ்க்ரூவை மேலிருந்து திருகி, சிலிக்கான் பசையைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டதும் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது.

இங்கே கொஞ்சம் பட்டறைக் கணக்கு. கம்பிக்கால் 60 சென்டிமீட்டர் உயரம். அதன் அடித்தட்டு ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம். 80 கிலோ ஆள் ஒருவர் சறுக்கி வந்து உச்சியில் மோதினால், அடியில் இருக்கும் போல்ட்டை மேலே பிடுங்கும் விசை அதைப்போல எட்டு மடங்கு. கடப்பாரை போட்டுக் கல் நெம்புகிற அதே கணக்கு. பாதுகாப்புக்கு என்று நட்ட கம்பமே தளத்தைப் பெயர்த்துவிடும். இதை ஒரு மர ஸ்க்ரூ தாங்குமா?

அங்கே படகு வேலை பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். கைத்தொழில் தெரிந்தவர்தான். "ஒரு நாள் வேலை. துளை போடு, சிலிக்கான் வை, வாஷர் போட்டு முடுக்கு. இங்கே எல்லாரும் அப்படித்தான்" என்றார். நான் எல்லாக் கம்பிக்காலையும் கழற்ற வேண்டும் என்றேன். மாப்பிள்ளைக்குத் தர்மசங்கடம். கூட வரும் இரண்டு பேரும் கார்த்திகை பிறந்த முதல் வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊரிலிருந்து என் வீட்டுக்காரி, "மார்கழி பொறக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடச் சொல்லுங்க" என்று தினமும் போன். "மாமா, இந்த ட்ரிப்புக்கு இது போதும்னு வெச்சுக்கலாம், வந்து முழுசா பண்ணிக்கலாமே" என்று அவர் மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளையிடம் நான் குரல் உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. பேசாமல் அந்தப் பழுப்புத் தண்ணீர் ஒழுகும் துளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள்தான் தீர்த்து வைத்தாள். "ராத்திரி முன்னால போய் பாய் இறக்கப்போறது நான். தொங்கப்போறது இந்தப் போல்ட்டுலதான். அப்பா சொல்றபடியே செய்யலாம்." அதற்குமேல் அந்த இடத்தில் யாரும் பேசவில்லை. லீவு தள்ளிப் போயிற்று.

வேலையைச் சொல்கிறேன். மேல்தோலில் 14 மில்லிமீட்டர் துளை. கீழ்த்தோலை அப்போது தொடக் கூடாது, ஊற்றுகிற பசைக்கு அதுதான் அடிப்பாத்திரம். வளைத்த ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டி உள்ளே சுழற்றினால் துளையைச் சுற்றியிருக்கும் பால்சா பொடிப் பொடியாக வெளியே வரும். அந்தப் பள்ளத்தில் எபாக்ஸிப் பசையைச் சிலிக்காப் பொடியோடு வேர்க்கடலைச் சட்னி பதத்துக்குக் குழைத்து அடைக்க வேண்டும். ஒரு நாள் பூரா விட்டால் கல்லாகும். அந்தக் கல்லின் நடுவே 8 மில்லிமீட்டர் துளை போட்டால், போல்ட்டு மரத்தையே தொடாது. பசை கசிந்தாலும் தண்ணீர் பால்சாவுக்குள் போக வழி இல்லை. இறுக்கினாலும் நசுங்காது. துளையின் வாயை மேலே லேசாகச் சீவி விட வேண்டும், அங்கே பசை ஒரு வளையமாக உட்காரும். பசை சிலிக்கான் அல்ல, படகுக்கென்றே வரும் பாலிசல்ஃபைடு. முடுக்கும்போது போல்ட்டைத் திருகக் கூடாது. மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டு சுழன்றால் உட்கார்ந்த பசை கிழியும்.

மழை வேறு. ஐப்பசியில் கொச்சியில் மத்தியானத்துக்கு மேல் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். ஈரத்தில் எபாக்ஸி சரியாக இறுகாது. நாமக்கல்லுக்குப் போன் போட்டு, பழைய லாரித் தார்ப்பாய் ஒன்றைப் பார்சலில் அனுப்பச் சொல்லி, படகின் மேல் கூடாரம் அடித்தோம். மெரினாவில் வெள்ளைக்காரர் படகுகளுக்கு நடுவே 'நேஷனல் பர்மிட்' என்று எழுதிய தார்ப்பாய் பறந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மக்கிய இடத்தை வெட்டி எடுத்து, காய வைத்து, புது மரம் வைத்து மூடவே ஒரு வாரம் ஓடிவிட்டது.

நான் ஊரிலிருந்தே செய்து கொண்டுபோனது அடித்தகடு. தளத்துக்குக் கீழே, நட்டுக்கு முன்னால் வைக்கிற தகடு. வாஷர் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் பாரத்தைப் பரப்பும். உள்ளங்கை அகலத் தகடு வைத்தால் உள்ளங்கை அளவுக்குப் பரப்பும். லாரியில் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே மரப் பேக்கிங் வைத்து யு போல்ட்டு போடுகிறோமே, அதே புத்தி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எவர்சில்வர் தகடு கேட்டதும் 304-ஐ எடுத்துப் போட்டார்கள். நம்ம வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு ரகம். கடல் உப்புக்கு அது புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 வேண்டும், அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், காந்தம் வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரரிடம் ஆலைச் சான்றிதழ் கேட்டு வாங்கினேன். "தாத்தா ராக்கெட்டா விடறீங்க?" என்றான் கடைப் பையன். 4 மில்லிமீட்டர்த் தகட்டில் வெட்டி, மூலையெல்லாம் உருட்டிக்கொண்டேன். கூர் மூலை இருந்தால் இழுக்கும்போது தளத்தையே அறுக்கும்.

கண் தகடுகள் ஆறு, கம்பிக்கால் எட்டு, தெப்பத்தின் தொட்டில் ஒன்று. முதல் இரண்டுக்கும் ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட்டு, தொட்டிலுக்கு நாலு. அதுதான் அறுபது.

எங்கே போடுவது என்பதில்தான் மாப்பிள்ளை எனக்கு ஆசானாக இருந்தார். அவர் படித்து வைத்திருந்தார். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்து, அயர்லாந்துக் கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. நடுவில் புயல். பந்தயத்தில் போன 15 பேர் இறந்தார்கள். அதில் சிலருக்குப் பட்டியோ அதை மாட்டிய பிடிப்போ கைவிட்டதென்று விசாரணையில் தெரிந்தது. அப்புறம்தான் விதிகளெல்லாம் இறுகின. 2017 நவம்பர் 18-ல் தென்கடலில் உலகம் சுற்றும் கிளிப்பர் பந்தயத்தில் ஒருவர் பாய் இறக்கும்போது அலை அடித்து வெளியே விழுந்தார். பட்டி, வார் எல்லாம் மாட்டித்தான் இருந்தார். நாடாவின் முனையில் ஒரு கயிற்றுக் கட்டை பக்கத்திலேயே இருந்தது. கொக்கி அதன் அடியில் சிக்கிக் குறுக்குவாட்டில் இழுபட்டு, கோணி, திறந்துகொண்டது. நேராக இழுத்தால் டன் கணக்கில் தாங்குகிற கொக்கி, குறுக்கே இழுத்தால் அதில் சொற்பம்தான் தாங்கும்.

அதனால் முன்மூக்கில் கயிறு கட்டும் கட்டையிலிருந்து நாடாவின் முனையை நன்றாகத் தள்ளி வைத்தோம். நாடாவையும் விளிம்போரம் ஓட்டாமல் முடிந்த மட்டும் நடுவாக ஓட்டினோம். விளிம்பில் இருந்தால் இரண்டு மீட்டர் வார் ஆளைத் தண்ணீருக்குள் விட்டுவிடும். வார் அறாமலே, ஓடும் படகோடு இழுபட்டு மூழ்கிப் போனவர்கள் உண்டு. கட்டியிருந்தால் போதாது, தளத்தின் மேலேயே நிறுத்துகிற மாதிரி கட்டியிருக்க வேண்டும். எனக்கு அதைக் கேட்ட ராத்திரி தூக்கம் வரவில்லை.

தெப்பத்தின் தொட்டிலில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தெப்பத்தைக் கட்டியிருக்கும் பட்டையில் தண்ணீர் அழுத்தத்துக்கு வேலை செய்யும் ஒரு சின்னக் கருவி. படகு முழுகி, ஒன்றரையிலிருந்து நான்கு மீட்டர் ஆழம் போனதும் உள்ளே ஒரு கத்தி பட்டையை வெட்டிவிடும். தெப்பம் மேலே மிதந்து வரும். மூழ்கும் படகு கயிற்றை இழுக்க, தெப்பம் ஊதிக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் கயிறு அறவில்லை என்றால் தெப்பத்தையும் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே அங்கே வேண்டுமென்றே ஒரு பலவீனக் கண்ணி வைத்திருக்கிறார்கள். முப்பத்தாறு வருஷம் எதுவும் அறக் கூடாது என்றே வேலை பார்த்தவன் நான். அறுந்தே ஆக வேண்டிய பொருள் ஒன்றை என் கையால் மாட்டியது அன்றுதான்.

அந்தப் பக்கத்துக்காரரான அபிலாஷ் டோமியைப் பற்றி அங்கே பேசாத ஆள் இல்லை. 2018 செப்டம்பர் 21-ல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் தனியாகப் போகும்போது புயலில் படகு புரண்டு, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடி. மூன்றாம் நாள் ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்துதான் எடுத்தது. அதே மனிதர் மறுபடி கிளம்பி, 2023 ஏப்ரலில் கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அந்த முறை அவர் போனது 36 அடி ஃபைபர் கிளாஸ் படகு. நம்ம படகைவிட நாலே அடி அதிகம்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் இழுத்துப் பார்த்தோம். கண் தகட்டில் கயிறு கட்டி, பாய் இழுக்கும் விஞ்ச்சில் சுற்றி, இரண்டு பேர் சேர்ந்து முறுக்கினார்கள். நான் கீழே அறைக்குள் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, அடித்தகட்டைச் சுற்றி மை போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நாடா விண் விண்ணென்றது. கோடு நகரவில்லை. மூன்றாவது கம்பிக்காலில் மூன்று பேரும் சாய்ந்து தள்ளினார்கள். அந்த வேலைக்காரர் குனிந்து அடித்தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்த இரண்டு தகட்டைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கொடுத்தேன்.

மார்கழிக்கு ஒரு வாரம் முன்னால் கிளம்பினார்கள். கரையோரம் சிக்னல் கிடைக்கும்போது 'நலம்' என்று ஒரு வார்த்தை வரும். நாலாம் நாள் சாயங்காலம் கோவா சேர்ந்தார்கள். வடைமாலை சாத்தியாயிற்று.

பொங்கலுக்கு வந்தபோதுதான் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு முழங்காலைக் காட்டினாள். தோல் உரிந்து கறுத்திருந்தது. இரண்டாம் ராத்திரி காற்று ஏறி, முன்பாயைக் குறைக்கப் போயிருக்கிறாள். பக்கவாட்டில் ஒரு அலை. கால் வாரி, கம்பிக்காலில் இடித்து, வார் இழுத்து நிறுத்தியிருக்கிறது. "தண்ணி மேல போச்சுப்பா. நான் அங்கேயேதான் இருந்தேன்." எந்தக் கம்பிக்கால் என்று கேட்டேன். இடது பக்கம் மூன்றாவது. "அம்மாகிட்ட சொல்லாதீங்க." சொல்லவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே அவளுக்குப் பொழுது போய்விடுவதால், இதை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மாசியில் போய் அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். மேலே வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்லி, கீழே நட்டைச் சுற்றிக் காகிதக் கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். காய்ந்துதான் வந்தது. தெப்பத்தை அறுத்துவிடும் அந்தச் சின்னக் கருவிக்கு ஆயுள் இரண்டு வருஷம்தான், அதன் மேலேயே தேதி போட்டிருக்கிறார்கள். அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். கேட்டால், கேஸ் ட்யூப் மாற்ற வேண்டிய தேதி என்று சொல்லிக்கொள்ளலாம்.